மேசன் என்ற சட்டை

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நல்ல சுகம்.

ஒரு சிரிப்பான கதை. குசினிகளில் சமையல் மேடைக்குப் போடும் கல்லை வெட்டும் பட்டறையில் வேலை கிடைத்தது. என் பெயர் முதலாளியின் வாயில் நுழையாததால், 'மேசன்' என்று தைத்திருந்த பழைய சட்டையைத் தந்தார். கல்வேலை செய்த பரம்பரைக்கு வெள்ளைக்காரர் வைத்த குடும்பப் பெயராம்.

"உனக்கு முன்னம் மேசனா இருந்தது ஒரு வியட்நாம்காரன். தூசு நெஞ்சில அடைச்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறான்," என்றார் கூட வேலை செய்யும் பிரஷாந்தன் அண்ணை. இருவரும் பார்க்கப் போனோம். மேசன் என்று ஒரு நோயாளியும் இல்லை என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு இருப்பது குளிருக்கு வந்த இருமல்தான். ஆடாதோடைத் தூள் அனுப்புங்கள். பார்சலில் என் முழுப் பெயரையும் பெரிதாக எழுதுங்கள். அதை வெட்டிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைக்க வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
சிவபாதசுந்தரம் லதீஸ்