கோட்டைத் தாண்டாத பந்து

12 ஜூன் 2025, வியாழன்
பயிற்சி முடிந்து முழங்காலில் ஐஸ். பதினாறு வருடம் தொழில்முறைக் கூடைப்பந்தில், பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஓடிய கால். பயிற்சியாளராகி ஆறு வருடமாகியும் என்னை மன்னிக்கவில்லை.

கிளப் தலைவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இருபத்தொன்றாம் தேதி கோலாலம்பூர் அணியை வென்றால் அரையிறுதி, தோற்றால் என் ஒப்பந்தம் அதோடு முடிகிறது. நாற்பத்தெட்டு வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்?

15 ஜூன், ஞாயிறு
எங்கள் பெண்கள் அணியின் கேப்டன் துளசி, புந்தோங் ஊர்க்காரி, நான் ஆடிய இடத்தில் ஆடுகிறாள். பந்தைக் கொண்டு வரும் ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் விரல் காட்டினால்தான் அடுத்த அடி. இன்று கடிந்துகொண்டேன்.

"சொந்தமா ஒன்னு ஆடினா விசில் ஊதி நிறுத்திடுறீங்க கோச். பாக்காம என்ன செய்ய?"

மேனேஜர் கமருதீன் அண்ணன் சிரித்தார். "நீ இன்னும் ரிட்டையர் ஆகல லா, சாந்தினி."

18 ஜூன், புதன்
விசிலைப் பையிலேயே வைத்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் முடியவில்லை.

21 ஜூன், சனி
எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் கால்பகுதியில் நடுவரிடம் வாதிட்டு ஒரு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினேன்; இன்னொன்று வாங்கினால் வெளியே போக வேண்டும். கடைசி நான்கு நிமிடம், இரண்டு புள்ளி பின்னால். எங்கள் ஆட்டக்காரி மெய் லிங் எறிந்த பாஸ் துளசியைத் தாண்டி என்னிடம் வந்தது. பந்து இன்னும் ஆடுகளத்தின் ஓரக் கோட்டைத் தாண்டவில்லை. சின்ன வயதில் கோப்பெங்கில் நான் படித்த தோட்டத்துப் பள்ளியில் ஒரே பந்து. கோட்டைத் தாண்டினால் வாய்க்கால்தான். அங்கே பழகிய கை. உள்ளே ஒரு கால் வைத்துப் பிடித்தேன். பிடித்ததோடு விட்டேனா? மெய் லிங்குக்கே திருப்பி எறிந்தேன்.

அரங்கமே சிரித்தது. இரண்டாவது டெக்னிக்கல். வெளியேற்றம்.

எங்களுக்குத் துணைப் பயிற்சியாளர் கிடையாது. விதிப்படி கேப்டன்தான் அணியை நடத்த வேண்டும். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தேன் — இந்த வயசுல இப்படியா செய்வ? எல்லாம் போச்சு. சுவருக்கு அப்பால் சத்தம் ஏறி இறங்கியது. யாருக்கான சத்தம் என்று தெரியவில்லை.

கதவைத் தட்டியது கமருதீன் அண்ணன். "மூனு பாயிண்ட்ல ஜெயிச்சாச்சு. நீ போட்ட பாசுக்கும் கணக்கு உண்டான்னு தலைவர் கேக்குறாரு."

துளசி வியர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதல்ல ரெண்டு தடவ திரும்பிப் பாத்தேன் கோச். நாற்காலி காலியா இருந்துச்சு. அப்புறம் பாக்கல."

நான் சொல்லித் தராத ஆட்டம் ஒன்றை ஆடினார்களாம். பொறாமை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

24 ஜூன், செவ்வாய்
இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டிப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை படித்தேன். நிஜம்தான்.

28 ஜூன், சனி
அரையிறுதி. நாற்காலியைக் கோட்டிலிருந்து நன்றாகப் பின்னுக்கு இழுத்துப் போட்டேன். கமருதீன் அண்ணன் கொறிக்க ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே, வறுத்த கடலை, கொடுத்தார். "ரெண்டு கைக்கும் வேலை இருக்கட்டும் லா."

ஒரு புள்ளியில் தோற்றோம். பொட்டலம் காலி. துளசி ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை.