விளக்கு ஆகாதாம்

தீபத்தன்று, இரவு.

மூத்த நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், காலையிலேயே சொல்லிவிட்டார்: "சாவு வுழுந்த வீடு. இந்த வருஷம் வெளக்கு ஆகாதும்மா."

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து இந்த ஒரு சொல்தான். சிவப்புப் புடவை ஆகாது. கல்யாண வீட்டில் முன்னால் நிற்பது ஆகாது. தப்பு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் காரணம் கேட்பேனே.

"யாருக்கு ஆகாது அண்ணி?"

"ஆகாதுன்னா ஆகாது."

மாலை மலைமேல் தீபம் தெரிந்ததும் தெருவெல்லாம் அரோகரா. எங்கள் வாசல் மட்டும் இருட்டு. வருஷா வருஷம் அங்கே முதல் அகலை ஏற்றுவது என் வீட்டுக்காரர்தான். நான் ஏற்றினேன்.

காற்று அடித்தது. அண்ணி திட்டிக்கொண்டே ஓடிவந்து இரண்டு கையாலும் சுடரை மறைத்தார்.

"அணஞ்சிடப் போவுது, எண்ணெ ஊத்து! அணஞ்சா ஆகாது!"

ஊற்றினேன். நாளைக்கும் ஏற்றுவேன்.