சதுர்த்தசிக்கு மறுநாள்

விழுப்புரம்

அன்பு மகாவீருக்கு,

வாட்ஸ்அப்பில் டிக் நீலமாகிறது, பதில்தான் வரவில்லை. அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். டென்மார்க் குளிர், சாப்பாடு எல்லாம் பிறகு சொல். முதலில் இதைப் படி.

திண்டிவனம் லேபில் நீ செய்துவிட்டுப் போன ஓம எண்ணெய்ச் சோதனையை நான் திரும்பச் செய்கிறேன். எண்ணெய் விட்டால் ஈஸ்ட் வளர்ச்சி குறைகிறது, அது சரி. ஆனால் ஈஸ்டின் கொழுப்பும் மாறுகிறது என்று பேப்பரில் எழுதினாயே, அது வரவே இல்லை. கைடு மேடம் எல்லார் முன்னாலும், "மகாவீர் கைக்கு வந்தது உன் கைக்கு ஏன் வரலை ஜெனித்?" என்றார். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் என்னை ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிடுவாராம்.

போன வாரம் மேல்சித்தாமூர் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். உனக்கு ஓடு உடைத்து வறுத்து வைத்த மல்லாட்டையை யாரிடம் கொடுத்தனுப்புவது என்பதுதான் கவலை. அன்று சதுர்த்தசி, உங்கள் ஜைன விரத நாள். காய், கீரை இல்லாமல் பருப்புச் சோறு போட்டார். நம் ஈஸ்டைப் பற்றிப் பேச்சுவாக்கில் பெருமையாகச் சொன்னார்: "இந்த நாள்ல எம்புள்ள அந்தப் பூச்சிங்கள சாவடிக்க மாட்டாம்பா. லேப்ல இருந்தப்பவே மறுநாளுக்குத் தள்ளி வச்சிக்கினுதான் செய்வான். எனக்கு வாக்கு குடுத்திருக்கான்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஈஸ்ட் வளர்க்கும் ஷேக்கரில் இடம் போதாமல் எண்ணெய் விடாததை முதல் நாளும், விட்டதை அடுத்த நாளும் வளரவைத்தாய். முதலாவதை, கொழுப்பை அளக்க, குறித்த நாளில் கொன்றாய். இரண்டாவதன் முறை சதுர்த்தசியில் விழுந்தது, ஒரு நாள் கூடுதலாக விட்டுவிட்டாய். சரிதானே?

எண்ணெயே இல்லாமல் வளர்த்துப் பார்த்தேன். பாதியைக் குறித்த நாளில் கொன்றேன், மீதியை ஒரு நாள் கழித்து. நீ எழுதிய அதே கொழுப்பு மாற்றம் வந்துவிட்டது. அது எண்ணெயின் வேலை இல்லைடா, வயதின் வேலை.

மேடத்திடம் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் உன் விரதத்தை வைத்து லேபே சிரிக்கும். டென்மார்க்கில் உனக்குக் கிடைத்த இடமும் அந்தப் பேப்பரால்தானே. அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. அவருக்கு நீ கொடுத்த வாக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் தள்ளிப்போனதை எழுதாமல் விட்டாயே, அதுதான் பேஜாரு.

நீயே மேடத்துக்கு எழுது. காரணம் வேண்டாம், நாள் மாறிவிட்டது என்றால் போதும். நீ எழுதாவிட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன், பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அது உனக்கும் தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். எழுதுடா.

ஆரோக்கிய ஜெனித்