நிக்காத மீன்

2024 ஜூலை 9

இன்றைக்கும் கறுப்புக் கவர். டேவிட்சன் சாரின் ஓட்டல் வரவேற்பறைத் தொட்டியில் செத்துக் கிடந்த மீனைக் கவரில் போட்டுக்கொண்டு, சமையலறை வழியாகப் பின்வாசலில் வெளியேறினேன். தங்க வந்தவர்கள் கண்ணில் செத்த மீன் படக்கூடாதாம். நானும்தான்.

மூரிஷ் ஐடல். கடையில் ஐடல் என்போம். கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை, நீண்ட மூக்கு, முதுகிலிருந்து வெள்ளை நூல் போலப் பின்னால் பறக்கும் துடுப்பு. அந்தத் தொட்டியில் எத்தனை ஐடல் செத்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பூச்சாடியில் பூ மாற்றுவது போல மாற்றுகிறோம்.

கடைக்கு வந்து தனராஜ் அண்ணாச்சியிடம் கேட்டேன். அலங்கார மீன் கடை அவருடையது, நான் சம்பளக்காரி.

"அது நிக்காத மீன்ளா. எங்க விட்டாலும் நிக்காது. அதுக்கு நீ என்ன செய்வ, நான் என்ன செய்வேன்?"

நிக்காது என்றால் தொட்டியில் பிழைக்காது. செத்தால் இன்னொன்று விற்கலாம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜூலை 12

ஆன்றோ அண்ணன் இரண்டு ஐடல் கொண்டுவந்தான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், சங்கு குளிக்கப் போகிறவன். அண்ணாச்சி கேட்டால் கைவலையில் கலர் மீனும் பிடிப்பான். ஒன்று உடனே ஓட்டலுக்குப் போனது. இன்னொன்றுக்கு வால் கிழிந்து, வயிறு ஒட்டிப்போயிருந்தது. "இது கழிசல், தூரப் போடு" என்றார் அண்ணாச்சி.

"எனக்குக் குடுங்க. பின்னால உள்ள தொட்டி சும்மாதான கெடக்கு."

"என்னத்துக்கு?"

"நிக்க வைக்கேன்."

ஆன்றோ சிரித்துவிட்டான். "ஏளா ஸ்டெபி, அத ஒரு வருசம் நிக்க வச்சிட்டேன்னா நான் மீசைய எடுத்திருதேன்."

மீசை என்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "செத்துச்சுன்னா இனி இந்தப் பேச்சே கூடாது. ஓட்டலுக்குப் போனமா, மாத்துனமான்னு இருக்கணும்."

"நின்னுச்சுன்னா? தொட்டியச் சரி பண்ணாம யாருக்கும் ஐடல் குடுக்கக்கூடாது."

"மொதல்ல நிக்கட்டும்."

ஜூலை 15

தின்னவில்லை.

ஜூலை 16

தின்னவில்லை. தீவனம், இறால் துண்டு எல்லாம் அதன் மூக்குக்கு முன்னால் மிதந்து தரையில் படிகிறது. கடலில் கல்லில் ஒட்டியிருப்பதைக் கொத்தித் தின்கிற மீன். அதற்கு மேலேயிருந்து தூவினால்? அதன் பழக்கம் எனக்குத் தெரியவில்லை, பழியை மட்டும் அதன்மேல் போடுகிறோம்.

ஜூலை 19

உயிர் மட்டி வாங்கிப் பிளந்து, ஓட்டோடு கல்லிடுக்கில் செருகி வைத்தேன். நீண்ட மூக்கு உள்ளே போனது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து!

வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். அண்ணாச்சி வந்து பார்த்தார். "பசிச்சா திங்கத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். தின்ன வைத்தது நான்.

ஆகஸ்ட் 5

மாதா கோயில் திருவிழா. ஊரே அங்கே. நான் முதலில் கடைக்குப் போய் மட்டியும் இறாலும் பாசியும் சேர்த்து அரைத்து, வெறும் சிப்பி ஓட்டில் அப்பித் தொட்டியில் வைத்தேன். இப்போது ஓட்டைப் பார்த்தாலே ஓடிவருகிறது. வயிறு நிமிர்ந்துவிட்டது. வால் வளர்ந்து மூடுகிறது.

கர்வமாக இருக்கிறது. இருக்கட்டும், எனக்குக் கிடைப்பதே இது ஒன்றுதான்.

செப்டம்பர் 3

மறுபடி தின்னவில்லை. மூலையில் நின்று வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. புள்ளி இல்லை, புண் இல்லை. என்னதான் ஆச்சு இதுக்கு? நான் என்ன செஞ்சேன்?

அண்ணாச்சி: "நாந்தான் சொன்னம்லா."

செப்டம்பர் 5

முத்தையாபுரத்தில் ஒரு வீட்டுத் தொட்டியைக் கழுவிவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். இரண்டு பக்கமும் உப்பளம். மேற்கேயிருந்து கச்சான் காற்று பஸ்ஸுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது. பாத்தியில் உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பைக் கொண்டுபோகாது. வற்றியதும் மறுபடி உப்புத் தண்ணீர்...

சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். கண்டக்டர் "இன்னும் ஸ்டாப் வரலம்மா" என்றார்.

நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்! தொட்டியில் தண்ணீர் வற்ற வற்றக் கடல் தண்ணீரை ஊற்றினேன். கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று. டிரம்மில் பிடித்துவைத்த கடல் தண்ணீரில் உப்பு அளந்தேன், சரியாக இருந்தது. தொட்டியில் அளக்கவே இல்லை. ஓடிவந்து அளந்தால் லிட்டருக்கு நாற்பத்திரண்டு கிராம். டிரம்மில் முப்பத்தைந்து.

உப்பு ஊரில் பிறந்து, விலங்கியல் படித்து, மீனைப் பாத்தியில் போட்டுக் காய்ச்சியிருக்கேன். மூளை கெட்டவ.

இந்தக் கடையிலிருந்து போன எல்லாத் தொட்டிக்கும் இப்படித்தான் ஊற்றுகிறோம். ஓட்டலுக்கும். அப்படியானால் நிக்காதது மீனா?

செப்டம்பர் 6

வற்றுகிற அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் குடிக்க வாங்கிய கேனைத் தூக்கினேன். அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"கொழாயில தண்ணி வந்து மூணு நாளாச்சு. மனுசருக்கே இல்ல, ஓம் மீனுக்கு நல்ல தண்ணி கேக்குதோ?"

அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஓட்டல் புல்தரையில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார்கள், அவர்களை எந்த அம்மாவும் மறிப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரு கேனுக்குச் சண்டை.

ஆன்றோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யோசனை சொன்னான்: "ஏசியில ஒழுகுத தண்ணியப் பிடிளா."

"செம்புக் கொழா மேல வடியுத தண்ணி அது. செம்பு பட்டா மீன் செத்துரும்."

கடைசியில் அம்மாவே விலகினாள். "கொண்டுபோய்த் தொல. அதுவும் உசுருதான."

ஒரே நாளில் உப்பைக் குறைத்தாலும் செத்துவிடும். தினமும் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட வேண்டும். கண்ணாடியில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டேன். சரியான உப்புக்கு வந்தபின், வற்றினால் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் மட்டும்.

செப்டம்பர் 15

முப்பத்தைந்து. கொத்தியது!

2025 ஜனவரி 20

டேவிட்சன் சார் கடைக்கு வந்தார். மகள் கல்யாணம், ஓட்டலில் வரவேற்பு. பின்தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றார். யாரும் நிற்பார்கள். என் உள்ளங்கையைவிடப் பெரிது இப்போது, வெள்ளை நூல் உடம்பைவிட நீளம்.

"இது வேணும்."

"நாளைக்கு வந்து தொட்டியப் பாத்துட்டு அனுப்பிருவோம் சார்" என்றார் அண்ணாச்சி.

யாரக் கேட்டு? யாரக் கேட்டு அனுப்புவாராம்?

ஜனவரி 21

ஓட்டல். அண்ணாச்சியும் வந்தார். டேவிட்சன் சார் பார்க்க உப்பை அளந்து காட்டினேன். நாற்பத்திநாலு. ஒரு வருசம் ஆகட்டும் என்று அண்ணாச்சி இங்கே இன்னும் கடல் தண்ணீரைத்தான் ஊற்றச் சொல்கிறார். "இதுல விட்டா செத்துரும் சார். சரி பண்ண ரெண்டு வாரமாவது ஆகும்."

"கல்யாணம் முடியுற வரைக்கும் இருந்தா போதும்மா. செத்தா வேற குடுங்க."

வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. விழுங்கினேன். அண்ணாச்சி குனிந்து ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

"வேற இல்ல சார். தொட்டியச் சரி பண்ணாம இனி ஐடல் கிடையாது."

"அப்ப நான் வேற கடை பாத்துக்கிடுதேன்."

"பாருங்க."

பழக்கத்தில் நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். "இங்கன வா" என்றார் அண்ணாச்சி. முன்வாசல் வழியாக, வாளியும் குழாயுமாக, சொட்டச் சொட்ட வெளியே வந்தோம்.

வண்டியில் ஏறியதும் முதல் வார்த்தை: "நல்ல கஸ்டமர். வயித்துல அடிச்சிட்டளா."

வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிரித்தால் வண்டி குலுங்கும், தெரிந்துவிடும்.

ஜூலை 12

ஆன்றோ மீசையை எடுத்தான். அவன் அம்மாவே கவனிக்கவில்லையாம்.

ஓட்டல் தொட்டியில் இப்போது பேட்டரி போட்ட பொம்மை மீன் நீந்துகிறது. அது நிற்கும்.

ஆகஸ்ட் 19

மணப்பாட்டில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்றுதான் வந்தேன். போகும்போது அண்ணாச்சியிடம் கோட்டைக் காட்டி, நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். "எனக்குப் பாடம் எடுக்காத" என்றார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தும் அதே நினைப்பு. இந்தக் காற்றுக்கு எவ்வளவு வற்றியிருக்குமோ? மறதியில் கடல் தண்ணீரை ஊற்றிவிட்டாரோ?

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கடைக்குப் போனேன். தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது. அளந்தேன். முப்பத்தைந்து. ஐடல் சிப்பி ஓட்டுக்குள் மூக்கை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது, நான் ஊருக்குப் போனதே தெரியாதது போல.

தொட்டிக்குக் கீழே புதிதாக ஒரு கேன். ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: 'யாரும் குடிக்கக் கூடாது. ஐடலுக்கு.' அண்ணாச்சியின் கோணல் எழுத்து.

வெயிலில் வந்ததில் தொண்டை வறண்டிருந்தது. எதிர் டீக்கடைக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.