கோவாவின் காவலுக்கு மருந்தடித்தவர்கள்

கோவாப் பாத்திகளை என் பொறுப்பில் விட்டுச் சென்ற என் அருமை அக்கா மரியம்மாவுக்கு,

நீ வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு நட்ட முதல் போக முட்டைக்கோசு முழுவதும் நாசமாயிற்று. இலைகளில் நரம்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. புழு தின்றுவிட்டதென்று உன் கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். புழுக்களுக்குத் தனியாக அத்தனை திறமை ஏது?

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குத் தெரிந்தது, பலாபத்வலயில் பூச்சிமருந்து விற்கும் அந்தக் கனவானுக்குத் தெரியவில்லை. கடிபட்டதும் கோவா இலை கடுகைப்போல் நெடியடிக்கிறது. பெரும்பாலான பூச்சிகள் அதற்கே ஒதுங்கிவிடும். ஒதுங்காத புழுவுக்கு வேறோர் ஏற்பாடு உண்டு. கடித்த இடத்திலிருந்து இன்னொரு வாசனை கிளம்பும். அதை மோப்பம் பிடித்து எறும்பினும் சிறிய குளவி வந்து, புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். முட்டை பொரிந்து வந்த குஞ்சு புழுவைத் தின்று வெளியேறி, இலையடியில் வெள்ளைக் கூடு கட்டும். நாம் இருவரும் குந்தியிருந்து பார்த்தவைதாமே?

இம்முறையும் அக்கூடுகள் நிறைந்திருந்தன. நான் நிம்மதியாக இருந்த வேளையில் அத்தான் அக்கனவானை அழைத்து வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காலில் மண் படாத சப்பாத்து. ஒரே ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துத் தீர்ப்பு வழங்கினார்.

“அண்ணே, இதெல்லாம் புழு போட்ட முட்டைங்க. இன்னைக்கே மருந்தடிங்க.”

அந்துப்பூச்சி முட்டையிடும், அதிலிருந்து வருவது புழு. முட்டையிட்ட புழுவை இவர் எந்தச் சீமையில் கண்டாரோ?

நான் குறுக்கே சென்று, “இவை முட்டைகள் அல்ல, ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள்” என்று ஓரெழுத்தும் பிசகாமல் உரைத்தேன்.

அத்தானின் முகம் வெளுத்துப் போயிற்று. “உண்ணியா? மாட்டுக்குப் புடிக்குமே, அதுவா? அப்ப ரெண்டு பங்கா கலக்கி அடிச்சிருவோம்” என்றார். கனவானும் கற்றறிந்தவர்போல் தலையாட்டினார்.

அன்றே அடித்தார்கள். குளவிகள் அழிந்தன. மருந்துக்குப் பழகிய புழுக்களில் பாதி பிழைத்துப் பெருகின. கடிபட்ட இலைகள் அதன் பின்னும் வாசனையை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. வருவதற்கு எவரும் இல்லை.

அவ்விரு மேதைகளையும் ஒரு வாரம் மனத்துக்குள் இகழ்ந்து தீர்த்தேன். அதன் பிறகு ஒரு கேள்வி மட்டும் போகாமல் நின்றது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? “குளவிக் குஞ்சுங்க, புழுவ அதுங்களே தின்னுரும், விடுங்க.” அவ்வளவுதான். அத்தான் கேட்டிருப்பார். அச்சொற்கள் எனக்கும் தெரியும், அக்கா. ஆனால் அந்தச் சப்பாத்துக்கு முன்னால் அவற்றைச் சொல்ல எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

அடுத்த நாற்று வேர் பிடித்ததும் அத்தானைப் பாத்தியில் குந்தவைப்பேன். இலையைத் திருப்பிக் காட்டி, அவருக்கு விளங்கும் பேச்சிலேயே சொல்வேன். இது உறுதி. கனவான் மறுபடியும் வந்தால், என் இலக்கணம் முழுவதையும் அவர் ஒருவருக்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உன்னைத் தவிர எவருக்கும் தலைவணங்காத
உன் தங்கை,
செல்வராணி