ஆஸ்பத்திரியைப் புகழ்ந்த கதை

வெள்ளிக்கிழமை, இஷாத் தொழுகைக்குப் பிறகு. ஆஸ்பத்திரிக் கட்டில்.

மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "வாப்பா, அங்க நல்லாப் பார்க்கிறாங்களா?"

"ஓம் மகள். என்ன மருந்து, ஏன் என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லித்தான் தருவா. தெரிஞ்ச ஆக்களுக்கும் இந்த ஆஸ்பத்திரியையே சொல்லு," என்றேன். அத்தனையும் உண்மை.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் வரத் தேவையில்ல," என்றாள்.

நல்லா வேணும் எனக்கு.

பக்கத்துக் கட்டில் உச்சமுனைத் தீவுக்காரர் தேத்தண்ணி முதல் தலையணை வரை குறை சொல்லுவார். பின்னேரம் அவருடைய குடும்பமே தோணியேறி வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. அவர்கள் தந்த மீனாணத்தோடுதான் நானும் சோறு தின்றேன்.

நாளைக்கு மகளிடம் நானும் தலையணையைக் குறை சொல்லலாம் என்றிருந்தேன். மிஸ்ஸி இப்போதுதான் வந்து, கேட்காமலே இன்னொரு தலையணை வைத்துவிட்டுப் போகிறா.