ரெங்கசாமி போட்ட கையெழுத்து

திருச்சி
25-1-2026

அன்புள்ள அப்பாவுக்கு,

ஈஸ்வரி எழுதிக்கொள்வது. பொங்கலுக்கு வந்தபோது அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு தீர்ந்துவிட்டது. பாதியை அறைத்தோழி வைஷ்ணவி தின்றாள். செல்போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நம் டீக்கடைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு ரோடுதான் இருக்கிறது. நீங்கள் போனில் பேசினால் செங்காட்டு விலக்கு முழுக்கக் கேட்கும். நேரில் வந்து கேட்கவோ எனக்குத் தைரியம் இல்லை.

எம்.எல். படிப்பில் இந்தப் பருவம் முழுக்கத் திருச்சியில் பயிற்சிதான். தடய அறிவியல் கூடம் முடிந்து, இப்போது சட்ட உதவி வக்கீல் திலகவதி மேடத்துடன் ஜெயிலுக்குப் போகிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகளின் காகிதங்களைப் படித்து மனு எழுதுகிறோம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய உங்கள் மகள் முதல் மனுவை மூன்று தடவை கிழித்து எழுதினாள். சிரிக்காதீர்கள்.

நேற்று கருப்பன் என்பவர் வந்தார். நம் பக்கத்துக்காரர்தான், தைலமரம் வெட்டும் கூலி வேலை. மோட்டார் வயர் திருடியதாக வழக்கு. ஜாமீன் கிடைத்தும், அவருக்காகப் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் ஐந்து மாதமாக உள்ளே இருக்கிறார். முந்திரிக்காட்டில் ஒளித்து வைத்த வயரை அவரே எடுத்துக் கொடுத்தார் என்று போலீஸ் எழுதிய ஒரு மகஜர். கூட நின்று பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. முதல் சாட்சி, டீக்கடை ரெங்கசாமி.

தேதி 18-8-2025, காலை பதினொரு மணி. அப்பா, அந்த நேரத்தில் நீங்கள் சென்னையில் என் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தீர்கள். என் சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு, கேன்டீன் டீயைக் குடித்துவிட்டு, "சுடுதண்ணிக்குக் கலர் போட்டுத் தாராய்ங்க" என்று திட்டினீர்கள்.

அந்தக் கையெழுத்து உங்களுடையதா?

நேற்றிலிருந்து சரியாகத் தூங்காத,
பிரகதீஸ்வரி


செங்காட்டு விலக்கு
31-1-2026

ஈஸ்வரிக்கு அப்பா எழுதுவது,

வீட்டில் எல்லோரும் சுகம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

ஆமாம், என் கையெழுத்துதான். மெட்ராஸிலிருந்து திரும்பிய மறுநாள் ஏட்டையா கடைக்கு வந்தார். "ரெங்கசாமி, இங்கிட்டு ஒண்ணு போட்டு விடுப்பா" என்றார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. எட்டு வருஷமாக அப்படித்தான் போடுகிறேன். கோழிக்கடை பிராங்க்ளினும் போடுகிறான், சைக்கிள் கடைக்காரரும் போடுகிறார். யாரும் படித்ததில்லை.

நம் கடை நிற்பது ரோட்டுப் புறம்போக்கு. இரண்டு தடவை இடிக்க வந்தார்கள். ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னதால் தப்பித்தது. உன் புத்தகமும் பஸ் பாஸும் அந்தக் கடையில் வந்தவைதான். சட்டம் படிக்க அனுப்பினால், அப்பனைக் கூண்டில் ஏற்றுவதுதான் உனக்கு முதல் கேஸா? கோபத்தில்தான் எழுதுகிறேன், அடிக்கப் போவதில்லை.

புதுக்கோட்டை கோர்ட்டில் சாட்சி சொல்ல சம்மன் வந்துவிட்டது. "பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு, ஒனக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார் ஏட்டையா. நான் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் எழுது.

உன் அப்பா,
ரெங்கசாமி


திருச்சி
8-2-2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் திட்டியது எனக்கு வலித்தது. ஆனால் உங்களுக்கு அப்படி எழுதியது என் தப்புதான். சாட்சி என் அப்பா என்றும், அன்று அவர் சென்னையில் இருந்தார் என்றும் நானே மேடத்திடம் போய்ச் சொன்னேன். ஒருவர் கம்பிக்குள் இருக்கும்போது என்னால் அதை மறைக்க முடியவில்லை. "எதிர்த்தரப்புச் சாட்சிகிட்ட வழக்கப் பத்திப் பேசக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, அந்த வழக்கிலிருந்து என்னை விலக்கிவிட்டார். சரியான காரியம்தான் செய்தார்.

என்ன சொல்லட்டும் என்று கேட்டீர்கள். அதை நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். தீர்ப்பு வரும் வரை இதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன், வீட்டுக்கும் வர மாட்டேன்.

அடுத்த வாரம் பெண்கள் ஜெயிலில் பயிற்சி. விடுதி ரசத்தில் புளியைத் தேட வேண்டியிருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தினமும் தேய்க்கச் சொல்லுங்கள்.

எப்போதும் உங்கள் மகள்,
பிரகதீஸ்வரி


செங்காட்டு விலக்கு
22-3-2026

என் தங்கம் ஈஸ்வரிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. கருப்பனை விடுதலை செய்துவிட்டார்கள். இனி எழுதலாம் அல்லவா?

நீ பக்கம் பக்கமாகப் புத்தி சொல்லி எழுதியிருந்தால் உன்னோடு சண்டை போட்டு மனதைத் தேற்றியிருப்பேன். நீ ரசத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போய்விட்டாய். டீ ஆற்றும்போதெல்லாம் அதுவே மனதில் ஓடியது. கடைசியில் பீரோவைக் குடைந்து, கல்லூரியில் நான் கையெழுத்துப் போட்ட சேர்க்கைப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே 18-8-2025. அப்போதுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கட போனா தள்ளுவண்டி போடுவோம். போய் நடந்ததச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

கூண்டில் ஏறினேன். வயரை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தீர்களா என்று அரசு வக்கீல் கேட்டார். "நான் அந்தக் காட்டுப் பக்கமே போகலைங்கய்யா. மறுநா எங்கடையில வச்சுப் போட்ட கையெழுத்துங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என்னைப் பிறழ்சாட்சி என்றார்கள். பெயர்தான் அப்படி, நான் சரியாகத்தான் சொன்னேன்.

பிறகு உன் மேடம் எழுந்து, அன்று எங்கே இருந்தீர்கள் என்றார். "மெட்ராஸ்லங்க. எம்மகள எம்.எல். சேக்கப் போயிருந்தேன்" என்று சத்தமாகச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். எழுதிக்கொண்டிருந்த நீதிபதி அம்மா தலையைத் தூக்கினார். "மகளைச் சட்டம் படிக்க வைக்கிறீங்க. நீங்க ஒரு பக்கத்தைப் படிச்சுப் பாக்கலையா?" என்றார். கோர்ட்டே என்னைப் பார்த்தது. "தப்புங்கம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விடுதலையான அன்று சாயங்காலமே கருப்பன் கடைக்கு வந்தான். "ஏழு மாசம்ணே" என்றான். அவ்வளவுதான். நான் கையைக் கூப்பினேன். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. அவன் கோபம் தீர நாளாகும், தீராமலும் போகலாம். அதை நான் தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்டேஷனில் டீ வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கடையை எடுக்கச் சொல்வார்கள் என்று தினமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் அடுப்புப் பற்றவைத்தேன். இன்னும் யாரும் வரவில்லை. வந்தது வேறு ஆள். நேற்று மத்தியானம் ஏட்டையாவே வந்து நின்றார். ஆலங்குடி ரோட்டுத் தோப்பில் ஒரு திருட்டு பைக் கிடைத்ததாம், மகஜருக்குச் சாட்சி வேண்டுமாம். விலக்கில் ஒருவரும் போட மாட்டேன் என்கிறார்களாம். "ரெங்கசாமி அண்ணன் போட்டா நானும் போடுறேன்" என்றானாம் பிராங்க்ளின்.

கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் தோப்புக்கே போனோம். பைக்கைப் பார்த்தோம். நம்பரைப் பார்த்தோம். நேரத்தைப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார். "மணி ரெண்டரைங்கய்யா" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடித்துத் திருத்தினார்.

மொத்தம் நாலு பக்கம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது உனக்குத் தெரியும். நான் படித்து முடிக்கும் வரை ஏட்டையா பேனாவை நீட்டியபடி வெயிலில் நின்றார்.

உன்னைப் படிக்க வைத்த,
ரெங்கசாமி